மீனுக்குப் பதினான்கு பக்கம்

1

ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் நிறைந்த அன்றைக்கு விரலை அறுத்துக்கொண்டேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்கிற மெல்லிய கண்ணாடி உடைந்து, இடது கை மோதிர விரலில் ஒரு கோடு இழுத்துவிட்டது. உயிர் போகிற காயம் ஒன்றுமில்லை. அதற்கு நான் செய்த காரியம்தான் இதை எழுத வைக்கிறது. காகிதத்தைக் கிழித்து விரலில் சுற்றினேன், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன், ஒன்றுமே நடக்காதது போல அடுத்த மீனை எடுத்தேன்.

என் பிழைப்பே காயம்தான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீனின் தோலில் ஒரு சின்னக் காயம் செய்வது, அது எப்படி ஆறுகிறது என்று வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது, பார்த்ததை எழுதுவது. இதற்குச் சம்பளம் தருகிறார்கள். ஊருக்குப் போகும்போது உத்தனப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், மீன் பண்ணை என்று சொல்லிவிடுவேன். "அங்க கிலோ என்னா விலை?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறவர் ஹெல்கா. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறது, ஆனால் கண் மட்டும் இருபது வயதுக் கண். மீன் தொட்டியின் மூடியில் ஒரு துளி இரத்தத்தைப் பார்த்துவிட்டார்.

"இது யாருடையது?"

"மீனுடையதாக இருக்கலாம்" என்றேன்.

"இவ்வளவு இரத்தம் வேண்டுமானால் பல மீன்கள் ஒன்று சேர வேண்டும். கையை வெளியே எடுங்கள்."

நாற்பத்தோரு வயதில், முனைவர் பட்டத்தோடு, வாத்தியாரிடம் கை நீட்டுகிற மாதிரி கையை நீட்டினேன். ஹெல்கா காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். பிறகு அலமாரியில் இருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். இந்த நாட்டில் வேலை செய்கிற இடத்தில் எல்லாம் இப்படி ஒரு காயப் புத்தகம் உண்டு. யாருக்கு, எங்கே, எப்போது, எப்படி, யார் பார்த்தார்கள், யார் கட்டுப் போட்டார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். காகிதம் கீறினாலும் எழுத வேண்டும்.

"பார்த்தவர் யார் என்ற இடத்தில் என்ன எழுதுவது? யாரும் பார்க்கவில்லையே?"

"நான்தான் பார்த்தேனே" என்றார் ஹெல்கா. "ஏன் மறைத்தீர்கள்? உங்களை யாராவது திட்டுவார்களா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் ஓசூரைப் பற்றி ஜெர்மன் மொழியில் விளக்க என்னிடம் அவ்வளவு இலக்கணம் இல்லை.

2

மீனுக்குச் செய்யும் மரியாதையைப் பற்றிக் கொஞ்சம்.

இந்த மீன் இந்திய ஓடைகளில் இருந்து வந்தது. எனக்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்து, விசா நீட்டிக்கிற அந்நியர் அலுவலகத்தில் டோக்கன் வாங்காமல், புகைப்படத்தில் சிரித்ததற்காகத் திருப்பி அனுப்பப்படாமல் குடியேறிவிட்டது. அதன் மேல் ஒரு கீறல் போட நான் பதினான்கு பக்க விண்ணப்பம் எழுத வேண்டும். வலிக்குமா, எவ்வளவு வலிக்கும், மயக்க மருந்து என்ன, நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவீர்கள், காயமே செய்யாமல் இதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லையா? ஒரு குழு உட்கார்ந்து இதையெல்லாம் படித்து, இரண்டு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டு, அப்புறம்தான் கையெழுத்துப் போடும். என் கல்யாணத்துக்கு முன்பு என்னிடம் இதில் கால்வாசிக் கேள்விகூட யாரும் கேட்கவில்லை.

அப்படிக் காயம் பட்ட மீன் செய்கிற வேலை அற்புதம். மேல் தோல் ஒரு நாளுக்குள் மூடிவிடும். வெறும் கண்ணால் பார்த்தால் கதை முடிந்தது. அசல் வேலை அதற்குக் கீழேதான் நடக்கிறது. நம் தோலுக்குத் தெம்பு கொடுப்பது கொலாஜன் என்கிற நார். மீனின் தோலில் அது ப்ளைவுட் பலகை போல, ஓர் அடுக்கு நெடுக்கு, அடுத்த அடுக்கு குறுக்கு என்று ஒழுங்காக அமைந்திருக்கும். காயம் பட்ட இடத்தில் மீன் முதலில் அவசரத்துக்கு நாரை இழுத்துப் போடும். பிறகு வாரக்கணக்கில் பொறுமையாக, அதிகப்படியானதைக் கரைத்து, திரும்பவும் நெடுக்கும் குறுக்குமாக அடுக்கப் பார்க்கும். கடைசியில் தழும்பு கிட்டத்தட்ட இருக்காது. மனுஷத் தோலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கிடைத்த நாரையெல்லாம் ஒரே பக்கமாக இழுத்துக் கட்டி, தழும்பு என்று ஒரு வேலியைப் போட்டு, வேலை முடிந்தது என்று கணக்கை மூடிவிடும்.

அதனால் எங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, காயம் மூடிய நாள். இன்னொன்று, காயம் ஆறிய நாள். இரண்டிலும் ஒரே தேதியைப் போட்டால் தலைமைப் பேராசிரியர் பேனாவைப் பிடுங்கிவிடுவார்.

3

விரலில் கட்டோடு பஸ்ஸில் வரும்போது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர்த் தொழிற்சாலை வாசலில் இருக்கிற பலகை.

ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போன யாருக்கும் அந்தப் பலகையை விளக்க வேண்டாம். கேட்டுக்குள் நுழைந்ததும் பச்சை நிறத்தில் நிற்கும். "விபத்து இல்லாத நாட்கள்" என்று எழுதி, பக்கத்தில் எண். தமிழில், கன்னடத்தில், ஆங்கிலத்தில், இப்போது இந்தியிலும். படிப்பு முடித்த புதிதில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டு வருஷம் இருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் அங்கே ஒரு விபத்துகூட நடக்கவில்லை. பைக்கில் இருந்து விழுந்தவர்கள் மட்டும் ஏராளம். விழுந்தவர்களுக்கு எல்லாம் விரல் நுனியில்தான் அடி.

கையில் அடிபட்டவனைப் பார்த்து முதலில் கேட்கிற கேள்வி "வலிக்குதா?" இல்லை. "எத்தனாவது நாள்?" என்பதுதான். முந்நூற்று அறுபத்தைந்து நாள் தாண்டினால் ஷிஃப்டு முழுக்க ஆளுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு உண்டு. ஒருத்தன் விரலைக் கொடுத்து நூறு வீட்டு ஹாட் பாக்ஸைக் கெடுத்தால் கேன்டீனில் அவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? திருநெல்வேலிக்காரரும் தர்மபுரிக்காரரும் எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போவார்கள். நானே ஒரு தடவை கட்டைவிரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எட்டு மணிநேரம் அளவெடுத்தேன். அந்தப் பழக்கம்தான் விமானம் ஏறி என்னோடு வந்திருக்கிறது.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோவில் தம்பி முனிராஜோடு பேசுவது வழக்கம். அங்கே அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் முந்திவிடும், எனக்காகத் தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பான். தக்காளித் தோட்டம் வைத்திருந்தவன். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த ஒரு வருஷத்தில் கூடையைக் கவிழ்த்துவிட்டு, ஓசூரில் தகடு அழுத்தும் பிரஸ் வேலைக்கு கான்ட்ராக்டில் போனான். ஆறு வருஷமாக அதே கான்ட்ராக்ட்.

என் மகள் மகிழுக்கு ஒன்பது வயது. அவள் பெயரில் இருக்கிற கடைசி எழுத்து இந்த நாட்டில் யார் வாயிலும் நுழையாததால் பள்ளிக்கூடத்தில் மகி. வீட்டிலும் இப்போது மகி என்றால்தான் திரும்புகிறாள். நான் ராகி மாவை ஊரில் இருந்து சுமந்து வந்து கிண்டுகிற களியை அவள் முள்கரண்டியால் குத்திப் பார்த்து, இது எப்போது வேகும் என்று கேட்கிற ரகம்.

அன்றைக்கு அவள்தான் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கைதட்டினாள்.

"அம்மா, பாரு! மாமாவும் ஸ்பூன்ல களி சாப்பிடறார். நம்ம மாதிரி!"

நான் திரைக்குக் கிட்டே வந்தேன். களியை ஸ்பூனால் தின்கிற ஆண்பிள்ளை எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குகிற பண்டம் அது. அவனோ இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் திரைக்கு வெளியே வைத்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவன் களியில் மறைத்தான்.

"முனிராஜ், வலது கையக் காட்டு."

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா."

"காட்டுடா."

காட்டினான். சுட்டுவிரலின் உள்பக்கம் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மூடித்தான் இருந்தது. "மடக்கு" என்றேன். மற்ற விரல்கள் மடங்கின. சுட்டுவிரல் மட்டும் நீட்டியபடியே என்னைப் பார்த்து நின்றது.

5

பதினோரு நாள் ஆகியிருந்தது. தகடு நழுவி அறுத்துவிட்டது. அன்றைக்குப் பலகையில் எண் முந்நூற்று நாற்பத்தெட்டு.

"இன்சார்ஜ் வந்து பார்த்தாரு. 'ஏனூ ஆகல்லப்பா', ஒண்ணும் ஆகாதுன்னாரு. பக்கத்துல ஒரு டாக்டருகிட்ட கூட்டிக்கினு போயி தையல் போட வச்சாரு. பைக்ல வுழுந்தன்னு எழுதச் சொன்னாரு. நான் எங்க வுழுந்தன்னு டாக்டரு கேட்டாரு. அதுக்குள்ள இன்சார்ஜே, சானமாவுல யானை வந்துடுச்சி சார், பயத்துல வுழுந்துட்டான்னு சொல்லிட்டாரு."

"யானையா?"

"நம்ம ரூட்டுதானக்கா. யாரு இல்லன்னு சொல்லப் போறாங்க?"

அதுவும் சரிதான். சானமாவுக் காட்டு யானைகள் மேல் அந்தப் பகுதியில் எதைச் சொன்னாலும் எடுபடும். லீவுக் கடிதம், தாமதம், உடைந்த கண்ணாடி எல்லாவற்றுக்கும் அவைதான் பொறுப்பு. மறுப்பு எழுதத் தெரியாத பிராணி. கம்பெனியின் வாட்ஸப் குழுவில், யானை நடமாட்டம் உள்ள சாலையில் கவனமாக வரவும் என்று கும்பிட்ட கையோடு ஒரு செய்திகூட வந்ததாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பயம்தான் அதிகம். தையல் போட்ட டாக்டர் மேல் தோலைத்தான் தைத்திருக்கிறார். விரலை மடக்குகிற தசைநாண் உள்ளே அறுந்து போயிருக்கிறது. அதுவும் கொலாஜன் நார்தான். இரண்டு வாரத்துக்குள் ஒரு கை அறுவை மருத்துவர் திறந்து இணைத்தால் நன்றாக வர வாய்ப்பு உண்டு. நாள் போகப் போக அறுந்த முனைகள் சுருங்கி விலகும், சுற்றிலும் தழும்பு பிடித்துக்கொள்ளும், அப்புறம் இந்த விரல் ஆயுளுக்கும் யாரையாவது சுட்டிக்காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

"நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

"ஆறிடுச்சேக்கா. சுமதியே பார்த்துட்டு ஆறிடுச்சின்னுதான் சொன்னா." பின்னால் அவன் பெண்டாட்டி சுமதி தலையாட்டினாள்.

"மூடிடுச்சு. ஆறல. ரெண்டும் வேற."

மீனைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். நெடுக்கு நார், குறுக்கு நார், ப்ளைவுட், பதினான்கு பக்க விண்ணப்பம், எல்லாம். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாம் சரிக்கா. அந்த ஆஸ்பத்திரியில எப்படி அடிபட்டுதுன்னு கேப்பாங்க. காப்பீட்டுல செலவு தரணும்னா கம்பெனி எழுதித் தரணும். எழுதுனா பலகை ஜீரோ ஆயிடும். இன்னும் ஆறு நாள்தான் இருக்குது. பர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரு போயிருக்குதுன்னு இன்சார்ஜ் சொன்னாரு. இப்ப நான் போயி எழுதுங்கன்னா லிஸ்ட்ல இருக்குமா?"

"ஆறு நாள் கழிச்சுப் போனா விரல் இருக்காதுடா! கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா? மடக்க முடியல, தெரியுதில்ல?" கத்திவிட்டேன். மகிழ் பயந்து என் பக்கம் ஒண்டினாள். செலவை நானே அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். பைக்கில் விழுந்தவனாகவே இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போய் யானை கதையைத் திரும்பச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னான்.

அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"ஏங்க்கா, அந்த மீனுக்கு எத்தன பக்கம் எழுதுவன்னு சொன்ன?"

"பதினாலு."

"எனுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தா போதுங்க்கா."

நான் அழுதுவிட்டேன்.

6

மகிழ் அழவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் முதலுதவிக் குழுவில் இருக்கிறாள். யாராவது விழுந்தால் ஓடிப்போய்ப் படிவம் நிரப்புவது அவள் வேலை. உள்ளே போய், பையில் இருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர்களுக்குச் சொல்லித் தருகிற சுழித்த கையெழுத்தில் ஜெர்மன் மொழியில் எழுதினாள். ஊர் மொழியில் அவளால் இதை எழுத முடியாது என்பது எனக்கு எப்போதும் இருக்கிற குறை. அன்றைக்கும் அந்தக் குறையோடுதான் எட்டிப் பார்த்தேன்.

பெயர்: முனிராஜ் மாமா. இடம்: தொழிற்சாலை. எப்போது: பதினோரு நாள் முன்பு. என்ன நடந்தது: தகடு அறுத்தது. யானை: இல்லை. இப்போதைய நிலை: விரல் மடங்கவில்லை, கரண்டியால் சாப்பிடுகிறார். பார்த்தவர்: நான். செய்ய வேண்டியது: உடனே டாக்டர்.

கீழே கையெழுத்துப் போட்டு, குழுவுக்குக் கொடுத்திருக்கும் நீல முத்திரையைக் குத்தினாள். முத்திரையில் ஒரு முள்ளெலி, தலையில் சிலுவைத் தொப்பி போட்டிருக்கும். படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். குழந்தை விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

அடுத்து நடந்ததை முனிராஜ் சொன்னபடியே சொல்கிறேன். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடையில் அதைக் கலரில் பிரின்ட் போட்டுக்கொண்டான். நேரே இன்சார்ஜிடம் போய், "சார், என் ஃபைல்ல இத வச்சிடுங்க. எனுக்குன்னு ஒரு பக்கமாச்சும் இருக்கட்டும்" என்று கொடுத்தான். இன்சார்ஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கிருந்து வந்துச்சு இது?"

"ஜெர்மனிலேருந்து சார்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தொழிற்சாலை செய்கிற பாகத்தை வாங்குகிற பெரிய கம்பெனி ஜெர்மனிக்காரர்களுடையது. வருஷத்துக்கு ஒரு முறை அவர்கள் ஆடிட் வருவார்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே மரத்துக்கெல்லாம் வெள்ளை அடிப்பார்கள். பேனா மையில் எழுதி, நீல முத்திரை குத்திய ஜெர்மன் காகிதம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் என்ன ஆகும்? பத்து நிமிஷத்தில் அது ஹெச்.ஆர். மேசையில் இருந்தது. போன் கேமராவை வைத்து மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மகிழின் சுழிப்பில் மூன்று வார்த்தைதான் பிடிபட்டது: தொழிற்சாலை, யானை, கரண்டி.

யானை கதை ஜெர்மனி வரைக்கும் போய்விட்டது! அதற்கு மேல் அவர்கள் கரண்டியை ஆராயவில்லை. மதியத்துக்குள் கம்பெனி கார் வந்தது. பெங்களூர் எல்லைப் பக்கம் ஒரு கை மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். விபத்து அறிக்கை எழுதினார்கள், முந்தைய தேதியோடு, யானை இல்லாமல். அன்று மாலையே ஆபரேஷன்.

"நான் ஒரு பொய்யும் சொல்லலக்கா" என்றான் தம்பி. "கேட்டதுக்கு ஜெர்மனின்னன். நெசந்தான?"

7

பலகை ஜீரோவுக்குப் போயிற்று. ஹாட் பாக்ஸ்கள் குடோனுக்குத் திரும்பின. ஒரு வாரம் கேன்டீனில் யாரும் அவனோடு பேசவில்லை என்று சுமதி சொன்னாள். பர்மனென்ட் லிஸ்டில் அவன் பெயர் முதலில் இருந்தே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என் விரலில் இருந்த கீறல் அதற்குள் மறைந்துவிட்டது. ஆனால் காயப் புத்தகத்தில் அது பத்திரமாக இருக்கிறது. ஹெல்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியது குற்றம் என்றார். பிறகு மகிழுக்கு என்று ஒரு சாக்லேட் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது வாரம், முனிராஜ் கையால் களி சாப்பிட்டான். விரலுக்குப் பயிற்சி செய்ய டாக்டர் களிமண் உருண்டை கொடுத்தாராம். அதற்கு இது தேவலை என்றான். சுட்டுவிரல் முழுக்க மடங்கவில்லை, முக்கால்வாசி வந்திருக்கிறது. அவன் மனுஷன்தான், மீன் இல்லை. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. மகிழுக்குத்தான் ஏமாற்றம். மாமா ஸ்பூனை விட்டுவிட்டாரே என்றாள்.

"பலகை இப்ப எத்தனைடா?" என்று சும்மா கேட்டேன்.

"நாப்பத்தெட்டு."

"பரவாயில்லையே."

அவன் உருட்டிய களியைத் தட்டிலேயே வைத்தான்.

"க்கா... எங்க லைன்ல பீகார்லேருந்து வந்த ஆளு ஒருத்தரு. செவ்வாக்கிழம கட்டைவிரல்ல பட்டுடுச்சி. எதிர்வரிசை ரூம்லதான் படுத்திருக்காரு."

"ஆஸ்பத்திரிக்குப் போனாரா?"

"யானை தொரத்துச்சின்னு எழுதியிருக்காங்க. அவருகிட்ட பைக்கே கெடையாதுக்கா." பிறகு, "பாப்பா இருக்குதா?" என்றான்.

மகிழ் ஏற்கெனவே படிவத்தை எடுத்து வந்துவிட்டாள். பேனா மூடியைக் கழற்றி, முதல் கோட்டின் மேல் வைத்துக்கொண்டு, தமிழில் கேட்டாள்.

"பேரு என்ன மாமா?"

முனிராஜுக்கும் அவருக்கும் ஒன்றரை வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மிஷின்.

"ஹிந்தின்னுதான் பாப்பா கூப்புடுவோம்."

"பேர் இல்லாம எழுத முடியாது."

"இரு" என்று அவன் எழுந்தான். "கேட்டுக்கினு வர்றன்."

சொம்பின் மேல் சாய்த்து வைத்த போனில் அவன் தட்டு மட்டும் தெரிந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் சத்தம் கேட்டது. மகிழ் பேனாவை எடுக்காமல் காத்திருந்தாள்.